எவ்வளவு மெதுவாகப் போகும்?

சங்கத்துக்குப் புது ட்ராக்டர் வாங்கப் போகிறோம் என்று நேற்று எல்லோரும் வந்து சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய வண்டி இருமி இருமி ஓடினது போதும். ஆனால் ஆளுக்கு ஒரு செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது இத்தன குதிர சக்தி ஆயா, இது மிதிச்ச ஒடனே சீறும் ஆயா" என்று படம் காட்டினீர்களே, அப்போது நான் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லாமல் விட்டோமே என்று உறைத்தது. அதனால் இப்போது சொல்கிறேன். எழுதுகிறவள் நம் சங்கத்துக் கணக்குப் பெண். எனக்கு எழுத்து வராது. நான் பேசுகிறபடியே போட்டால் அச்சில் நன்றாக இருக்காது என்று அவளே திருத்திக்கொள்கிறாள். என் வசவுகளையும் எடுத்துவிடுகிறாள். அதில்தான் ருசியே இருந்தது, போகட்டும்.

குருசுக்குப்பத்துக் கரையில் படகு இழுக்கும் ட்ராக்டரை ஓட்டியவள் நான். முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் இறங்கினேன். பெண்பிள்ளை எப்படி ட்ராக்டரில் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். படகு கரைக்கு வருகிற நேரத்தில் ஆண்கள் எங்கே இருப்பார்கள்? படகில். கரையில் கூடையோடு நிற்பது யார்? நாங்கள். அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது? அவ்வளவுதான். பெண்கள் படகைத் தொடலாமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "நாங்க எங்க தொட்டோம்? கயிறுல்ல தொடுது" என்றோம்.

நான் இந்தக் கரையில் பிறந்தவள் இல்லை. வில்லியனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். மீன் வாங்கப் போனவள் மீன்காரன் வீட்டுக்கே போய்விட்டாள் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாள். அண்ணனுடைய ட்ராக்டரில் சேறு அடித்துப் பழகியவள் நான். அந்தத் திமிரோடுதான் முதல் நாள் மணலில் ஏறினேன். வயலில் வண்டி தடுமாறினால் என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் திமிறிக்கொண்டு வந்துவிடும். ஏனென்றால் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கிறது. மணலுக்கு அடியிலும் மணல்தான் இருக்கிறது. நான் மிதித்தேன். பின்சக்கரம் சுற்றியது. இன்னும் மிதித்தேன். வண்டி முன்னால் போகாமல் கீழே போனது.

அப்போதுதான் அவர் வந்தார். பெயர் வேண்டாம். கரையில் எல்லோரும் கைக்காரர் என்றே கூப்பிடுவோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, கெணறு வெட்றியா? தண்ணி இன்னும் வரல. வெட்டு, வெட்டு."

கரையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரிவிட்டு, ஒரு உடைந்த பலகையை வைத்தார். "டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கு. டயரு தொப்பைய வுட்டுக்கினு ஒக்காரணும். இப்ப ஓட்டு. வண்டி போவுதா இல்லியான்னு பாக்கறவனுக்கு சந்தேகம் வரணும், அப்பிடிப் போ."

அப்படிப் போனேன். வெளியே வந்தேன். அன்றைக்கு நான் கற்றதற்கு மேல் மணலைப் பற்றிக் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. கற்றதை மறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதுவும் எல்லோரும் கத்தும்போது.

நம் கரையில் படகு இழுக்கும்போது கத்தாத வாய் உண்டா? படகுக்காரன் ஒன்று சொல்வான், அவன் மாமியார் ஒன்று சொல்வாள், ஐஸ் கொண்டுவந்தவன் கூட ஒன்று சொல்வான். அதனால்தான் ஒரே கை என்று வழக்கம் வைத்தோம். கரையில் ஒருவர் நிற்பார். விரலை மடக்கி அழைத்தால் இழு. உள்ளங்கையைக் காட்டினால் நில். கையைக் கவிழ்த்துத் தட்டினால் மெதுவாக. ஓட்டுகிறவள் கழுத்தைப் பின்னால் திருப்பி அந்த ஒரு கையை மட்டும் பார்க்க வேண்டும். வேறு யார் சொன்னாலும், கட்டினவனே சொன்னாலும், கேட்கக் கூடாது. நான் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வேன். வெயிலுக்கு என்று நினைப்பார்கள். சத்தத்துக்கு. இத்தனை வருஷம் திரும்பித் திரும்பி என் கழுத்து இப்போது இடது பக்கம்தான் வசதியாகத் திரும்புகிறது. கல்யாண வீட்டில்கூட இடது பக்கத்து ஆளிடம்தான் பேசுகிறேன்.

அந்தக் கை அவருடையது. அதனால் கைக்காரர்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். நன்றாகக் கேளுங்கள், இதில் சிரிப்பு குறைவு.

வாடைக்காற்று மாதம். காலையில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கடல் சரியில்லை. கல் கொட்டிய கரையில் படகு ஏற நமக்கு இருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மணல் சந்து. உங்களுக்கே தெரியும். கடைசிப் படகு அந்தச் சந்தின் வாயில் வரும்போது அதன் எஞ்சின் நின்றுவிட்டது. அலை அதைக் குறுக்கே திருப்பியது. இன்னும் ஒரு அலை அடித்தால் படகு கல்லில் மோதும் என்று தெரிந்ததும், கரையில் நின்று கை காட்ட வேண்டியவர் தண்ணீரில் இறங்கி அதன் மூக்கைப் பிடிக்கப் போனார். அலை படகை அப்படியே பக்கவாட்டில் தூக்கி அவர் மேல் வைத்தது.

முழங்காலுக்குக் கீழே கால் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. படகுக்குக் கரைப்பக்கமாகப் பாதி உட்கார்ந்து பாதி படுத்துக் கிடந்தார். படகுக்குள் தண்ணீரும் நனைந்த வலையும். ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். அலை வரும்போது படகு எழும்பும், போகும்போது முன்னைவிட அழுத்தமாக உட்காரும். ஒவ்வொரு அலையும் அவர் தலைக்கு மேல் போனது. காற்று ஏற ஏற அலையும் பெருத்தது.

அப்போது மேட்டில் ஒரு ஜீப் நின்றது. சொல்தா வீட்டுத் தம்பியுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாத்தாவின் பென்ஷனில் வந்த குடும்பம் அது. தம்பியும் பிரான்சில் வேலை, லீவுக்கு வந்தால் அந்த ஜீப்தான் அவனுக்குப் பெண்டாட்டி. சக்கரம் என் நெஞ்சு உயரம். மணலில் சீறவிட்டுப் படம் எடுப்பான். நல்ல பிள்ளை. வந்த புதிதில் என்னிடம், "ஆயா, உங்க ட்ராக்டரும் என் ஜீப்பும் ரேஸ் வுடலாமா?" என்று கேட்டான். "நீ போயி வா தம்பி, நான் அதுக்குள்ள கொழம்பு வெச்சுட்டு வர்றேன்" என்றேன். அன்றிலிருந்து கண்டால் சிரிப்பான்.

அவன் இப்போது ஓடி வந்தான். "ஆயா, என் வண்டில கட்டுங்க. ஒரே இழுவ. படகு மேல வந்துரும்."

கரையில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் வண்டி எதிரே புகை கக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

"படகு வரும் தம்பி. காலு?" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். படகு குறுக்கே கிடக்கிறது, ஆள் அதன் கரைப்பக்கம் இருக்கிறார். கரையை நோக்கி ஒரே இழுவையாக இழுத்தால் படகு அவர் மேல் ஏறிப் போகும். மூக்கை மட்டும் வடக்குப் பக்கம் ஒதுக்கித் திருப்ப வேண்டும். அதுவும் அலை தூக்குகிற நேரத்தில்தான். அலை போய்ப் படகு உட்கார்ந்த பிறகு அசைத்தால் காலை அரைத்துவிடும். கொஞ்சம் இழு, நில். பிடித்துக்கொண்டு நில். மறுபடி கொஞ்சம்.

"உன் வண்டி எவ்ளோ மெதுவாப் போவும்?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஜீப்பைப் பார்த்தான். "தெரியல ஆயா," என்றான். "மெதுவா ஓட்டிப் பாத்ததே இல்ல."

அந்த நேரத்தில் அப்படி ஒரு உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரையே அவன் ஜீப்பில் கயிற்றைக் கட்டியிருக்கும்.

"என் வண்டில கட்டு," என்றேன். "உன் வண்டியக் கீழ எறக்கி, திருப்பி ரெடியா நிறுத்து. அதுக்கும் வேல வரும்."

வாதாடாமல் ஓடினான்.

நான் ஏறி உட்கார்ந்து காதில் துண்டைக் கட்டினேன். கீழ் கியரில் போட்டுக் கயிறு விறைக்கும்வரை ஊர்ந்தேன். கழுத்தைத் திருப்பினேன். வழக்கமாகக் கை இருக்கும் இடத்தில் கை இல்லை. அந்த இடத்தில் வேறு கைகள் இருந்தன. கரை முழுக்கக் கை. மச்சான் முறைக்காரர் ஒருவர் இழு என்கிறார், படகுக்காரன் நில் என்கிறான், யாரோ ஒருத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். எந்தக் கையை நான் பார்ப்பது?

அலை வடிந்தது. தண்ணீர் விளிம்பில், படகை ஒட்டி, ஒரு கை எழும்பியது. உள்ளங்கை என்னைப் பார்த்திருந்தது. நில்.

அவர்தான். கடலைப் பார்த்துக் கிடந்த அவருக்கு, முதுகுக்குப் பின்னால் நின்ற என் வண்டி தெரியாது. எஞ்சின் சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் படகு எப்போது எழும்புகிறது, எப்போது உட்காருகிறது என்று கரையில் இருந்த யாரையும்விட அவர் காலுக்குத் தெரியும். சரி, கை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மற்ற கைகளெல்லாம் என் கண்ணிலிருந்து போய்விட்டன.

அலை வந்தது. விரல்கள் மடங்கின. கிளட்சை மயிரிழை விட்டேன். படகின் மூக்கு ஒரு சாண் நகர்ந்தது. உள்ளங்கை. நின்றேன். பிரேக்கில் என் முழு உடம்பும் நின்றது. படகு பழையபடி உட்காராமல் கயிறு பிடித்துக்கொண்டது. மறுபடி அலை, மறுபடி விரல், மறுபடி ஒரு சாண்.

பிறகு ஒரு பெரிய அலை வந்தது. அவர் தலை போனது. கையும் போனது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கை தெரியவில்லை. படகு தண்ணீரில் எழும்பி ஆடுகிறது. இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் அதுதான் சரியான நேரம். கரை முழுக்க இழு, இழு என்று கத்துகிறது. அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்து மட்கார்டில் ஏறி என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். துண்டைத் தாண்டி அந்தக் குரல் கேட்டது.

"இழுடி பாவி! மூச்சு போவுதுடி! ஏண்டி கல்லு மாதிரி ஒக்காந்திருக்க!"

ஆக்சிலரேட்டர் காலுக்குக் கீழே இருக்கிறது. ஒரு மிதி. அதை மிதிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எந்த எஞ்சின் கம்பெனிக்காரனும் எழுதிப்போட மாட்டான். எஞ்சின் அணைந்துவிடாமல், வண்டி அசைந்துவிடாமல், கையில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் மனதில் இருந்தது. அவர் இழு என்று சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்தது. கை மேலே வந்தது. உள்ளங்கை இன்னும் என்னைப் பார்த்தபடியே இருந்தது. தண்ணீருக்கு அடியிலும் அவர் அதை மடக்கவில்லை.

அடுத்த அலையில் விரல்கள் மடங்கின. ஒரு சாண். அதற்கடுத்ததில் கை மடங்கி மடங்கி அழைத்தது, வா, வா, வா என்று. மூக்கு முழுக்கத் திரும்பியது, படகு அவரை விட்டு ஒதுங்கியது, ஆண்கள் அக்குளில் கை கொடுத்து அவரை உருவி எடுத்தார்கள்.

காலைப் பற்றி விவரம் வேண்டாம். கணக்குப் பெண் சாப்பிடாமல் போய்விடுவாள். காதுத் துண்டை அவிழ்த்து அவர் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். அவிழ்த்த பிறகுதான் கரை எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது.

ஜீப்பில் ஏற்றினோம். பின்னால் நான், என் மடியில் அவர் கால். முன்னால் அண்ணி. மேட்டுக்குப் போக நடுவில் கால் புதையும் உளை மணல். தம்பி அவசரத்தில் எஞ்சினை உறுமவிட்டான். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே போனது. கவிழ்ந்து, காற்றைத் தட்டியது. மெதுவாக.

தம்பி கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தான். காலைத் தளர்த்தினான். அந்த ராட்சச வண்டி, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, போகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி போனது. சக்கரம் ஒரு இடத்திலும் சுற்றவில்லை. மடியில் இருந்த கால் அசையவில்லை. உளை மணலைத் தாண்டி, மேடு ஏறி, முன்சக்கரம் தார் ரோட்டைத் தொட்டது.

அப்போது கை நிமிர்ந்தது. முன்பக்கமாக ஒரு வீச்சு வீசியது. போ.

அப்புறம் பாருங்கள், அந்த எஞ்சினை! கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று எனக்குத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸெல்லாம் நின்றுகொண்டிருப்பதாக நினைத்தேன். என் ட்ராக்டரில் கொண்டுபோயிருந்தால் பாதி வழியில் அழுதுகொண்டு திரும்பியிருப்போம். அதனால் எஞ்சின் சக்தி வேண்டாம், வேகம் வேண்டாம் என்று கிழவி சொன்னாள் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு அந்த உயிரைக் காத்ததில் அந்த ஜீப்புக்கும் பங்கு உண்டு. தம்பிக்கு அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். அவன் வெட்கப்பட்டு, தமிழ் மறந்துபோய், "மெர்சி, மெர்சி" என்றான். நன்றி என்று நாங்கள் சொல்ல வேண்டியதை அவன் சொன்னான்.

உயிர் தங்கியது. கால் தங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு என் முதுகைத் தொட்டார்.

"வலிக்குதாடி?"

"இல்ல அண்ணி."

வலித்தது. ஒரு வாரம் மல்லாந்து படுக்க முடியவில்லை. அதைவிட வேறொன்று அதிக நாள் வலித்தது. அந்தப் பெரிய அலையில் நான் மிதித்திருந்தால்? ஒருவேளை படகு சட்டென்று விலகி, கால் மிஞ்சியிருக்குமோ? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன். வேலையில் சில விஷயங்கள் அப்படித்தான், சரியாகச் செய்தோமா என்று கடைசிவரை ஒருவரும் வந்து சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்த பிறகு மீன் குழம்பு கொண்டுபோனேன். வஞ்சிரம் இல்லை, காரப்பொடி என்கிற சின்ன மீன்தான், அவருக்கு அதுதான் பிடிக்கும். சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அந்த அலையில நான் இழுத்திருக்கணுமோ?"

அவர் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார். "யாரு கை காட்டுனது?"

"நீதான்."

"அப்ப அது என் கணக்கு. நீ எதுக்கு அத வாரிக்கினு திரியற? ஒக்காரு, நீயும் துன்னு."

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இனி நீங்கள் வண்டி பார்க்கப் போகலாம். கடைக்காரர் குதிரை சக்தியைச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்த வலையோடு படகை இழுக்க வலு வேண்டும், சோனி வண்டியை வாங்கி வந்து நிற்காதீர்கள். சீறிக் காட்டுவார், கைகூடத் தட்டுங்கள், பாவம், அது அவர் பிழைப்பு. ஆனால் கைக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டியை மணலில் இறக்கச் சொல்லுங்கள். அவர் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு அதற்கு முன்னால் நடப்பார். அந்தக் காலோடு அவர் எவ்வளவு மெதுவாக நடப்பார் என்று உங்களுக்கே தெரியும். வண்டி அவருக்குப் பின்னாலேயே வரட்டும். அவரை இடிக்காமல், இடையில் அணையாமல், அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து.

அப்படி வந்தால் வாங்குங்கள்.